பயன் தருவதெல்லாம் தகவமைப்பு அல்ல

கடந்த பிப்ரவரியில் பெங்களூரு கப்பன் பூங்காவில், கல்லூரி மாணவர் சிலரோடு இளஞ்சிவப்புத் தபேபூயா மரத்தடியில் நின்றிருந்தேன். இலையே இல்லாமல் கிளை முழுவதும் பூத்திருந்த அம்மரத்தைக் காட்டி, “இலை மறைக்காம இருந்தாத்தானே மேடம் நம்ம ஊர்த் தேனீக்குப் பூ தெரியும்? அதுக்கான தகவமைப்புதானே இது?” என்று ஒரு மாணவி கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஆய்வறிக்கையின் முடிவும் இதுவே. அது தவறு. தகவமைப்பைப் பற்றி எழுதும்போது நேரும் நான்கு பிழைகளைக் கீழே தருகிறேன்.

இன்றைய பயனைக் கொண்டு தோற்றத்தை விளக்குதல்

அந்த ஆண்டு பூக்கும் பருவம் முழுவதும், காலை ஆறு மணி முதல் கிளை கிளையாக நின்று, வந்துபோகும் தேனீக்களையும் தேன்சிட்டுகளையும் எண்ணிக் குறித்தேன். எண்ணிக்கையில் பிழை இல்லை. அறிக்கையைப் படித்த மூத்த ஆய்வாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: “இம்மரத்தின் தாயகம் எது?” தெற்கு மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை இயல்பாக வளரும் மரம் அது, பெங்களூருக்கு மனிதர் கொண்டுவந்து நட்டது. வறண்ட பருவத்தில் இலையுதிர்த்துப் பூக்கும் பண்போடுதான் அது இங்கு வந்து சேர்ந்தது. அப்பண்பால் நம் தேனீக்கள் பயன்பெறலாம். அது தோன்றியதில் அவற்றுக்குப் பங்கில்லை. அடிப்படையான இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பருவத்தின் உழைப்பை இழந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒரு பண்பைத் தகவமைப்பு என்று சொல்ல வேண்டுமானால், முன்னோரிடையே அதில் வேறுபாடு இருந்திருக்க வேண்டும். அவ்வேறுபாடு மரபுவழி இறங்கியிருக்க வேண்டும். அப்பண்பை உடையவை மற்றவற்றைவிட மிகுதியாகப் பிழைத்துப் பெருகியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். தாயகத்திலும் அவசரப்பட முடியாது: தபேபூயாவின் உறவு இனங்கள் பலவும் இலையுதிர்த்தே பூப்பதால், அது பொது மூதாதையிடமிருந்து வந்த பண்பா என்று முதலில் பார்க்க வேண்டும். பாலூட்டிக் குட்டிகளின் மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையே உள்ள பொருத்துகள் பிறப்பை எளிதாக்கினாலும், முட்டையை உடைத்து வரும் பறவைக் குஞ்சுகளுக்கும் அவை உண்டு என்று டார்வின் 1859-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் பரிணாம ஆய்வாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர், மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுவதை அளந்தே காட்டினர். 1977 வறட்சியில் சிறு விதைகள் அருகியபோது பெரிய அலகுடைய குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாகவே அமைந்தது.

“தேவைப்பட்டதால் வந்தது” என்று எழுதுதல்

எழுதாதீர்கள். பெரிய அலகு வறட்சியின் தேவைக்காக வரவில்லை; குருவிகளிடையே முன்பே இருந்த வேறுபாடு அது.

துணைவிளைவை மறத்தல்

ஆக்சிஜனைச் சுமக்கும் திறனுக்காகவே ஹீமோகுளோபின் இயற்கைத் தேர்வில் நிலைபெற்றது. இரத்தத்தின் சிவப்பு நிறம் அதனோடு ஒட்டி வந்தது.

உடல் பழகிக்கொள்வதைத் தகவமைப்பு என்றல்

மிக உயரத்தில் உள்ள லே நகரில் சில வாரங்கள் தங்கினால் நம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். பெங்களூரு திரும்பிச் சில வாரங்களில் பழைய அளவுக்குக் குறைந்துவிடும்.