காலி இடமும் சுழியமும்: வளரும் எண் அணிக்குச் செயற்கூறுகள் வகுக்கும் விதம்

என் தாத்தா மொரீஷியஸின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் மழைக் கணக்கு எழுதியவர். மழை பெய்யாத நாளுக்கு நோட்டில் 0 போடுவார். மழைமானி வரை போக முடியாத நாளுக்குச் சிறு கோடு ஒன்று இழுப்பார். சூறாவளி அடித்த வாரங்களில் அந்தக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வானம் கொட்டித் தீர்த்த நாட்கள்தான் அவை. அந்தக் கோட்டை யாராவது 0 என்று படித்தால், ஆறு கரை புரண்ட வாரம் வறண்ட வாரமாகிவிடும்.

நான் மொரீஷியஸின் எபேன் நகரில், பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பான புள்ளியியல் நிரலகம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். பெரும்பாலும் மழைத் தரவோடுதான் என் வேலை. இப்போது கவிழ்வாளி மழைமானிகள் வந்துவிட்டன. 0.2 மில்லிமீட்டர் நீர் சேர்ந்ததும் உள்ளேயிருக்கும் சின்ன வாளி கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு பதிவு. சூறாவளிக்கான மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்து எல்லோரும் கதவடைத்து வீட்டுக்குள் இருக்கும் இரவில் எத்தனை பதிவுகள் வரும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் வளரும் அணி, அதாவது தேவைக்கேற்ப நீளும் எண் வரிசை, தேவைப்படுகிறது. அதை எப்படி வகுக்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். செயற்கூறு என்பது சேர்ப்பது, நீக்குவது போன்ற ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு. தாத்தாவின் கோட்டுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு செயற்கூற்றிலும் காப்பாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் மூன்று எண்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கையான கொள்ளளவு, உண்மையான தரவின் எண்ணிக்கையான நீளம், தரவு தொடங்கும் இடமான தொடக்கச் சுட்டெண். வெளியே இருப்பவருக்கு நீளம் மட்டும் தெரிந்தால் போதும். மற்ற இரண்டும் உங்கள் வீட்டுச் சமையலறை.

சேர்க்கும் செயற்கூறுதான் அதிகம் அழைக்கப்படுவது. இடம் தீர்ந்ததும் புதிதாகப் பெரிய இடம் பிடித்து, பழையதைப் படியெடுக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓரிடம் மட்டும் கூட்டினால், 10,000 அளவீடுகளைச் சேர்த்து முடிப்பதற்குள் 4,99,95,000 எண்களைப் படியெடுத்திருப்பீர்கள். நூறு நூறாகக் கூட்டினால் 4,95,000. 16 இடங்களில் தொடங்கி இடம் தீரும்போதெல்லாம் இரட்டித்தால், பத்தே முறை வளர்ந்து வேலை முடிகிறது. படியெடுத்தவை மொத்தம் 16,368. காகிதத்தில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. புள்ளியியலுக்கான ஆர் (R) மொழியில் சுழற்சிக்குள் பழைய அணியோடு புதிய எண்ணை ஒட்டி ஒட்டி வளர்ப்பதும், பைத்தான் மொழிக்கான எண் நிரலகமான நம்பையில் (NumPy) இணைக்கும் செயற்கூற்றைத் திரும்பத் திரும்ப அழைப்பதும் முதல் வகைதான். ஒவ்வோர் அழைப்பிலும் முழு அணியும் படியெடுக்கப்படுகிறது.

அளவு முன்பே தெரிந்தவர்களுக்கு வழி விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்றால் நாளுக்கு 144, ஆண்டுக்கு 52,560. இதை அறிந்தவர் தொடக்கத்திலேயே கொள்ளளவைச் சொல்லிவிட்டால், பன்னிரண்டு முறை வளர வேண்டிய அணி ஒருமுறைகூட வளராது.

இனி, என்னைச் சுட்ட இடத்துக்கு வருகிறேன். வேகம் கருதி, உள்ளே இருக்கும் அணியை அப்படியே திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதியிருந்தேன். அறிக்கை ஒன்றுக்காக நானே அதைப் பயன்படுத்திச் சராசரி எடுத்தேன். பத்து அளவீடுகள்: 1, 2, 2, 3, 3, 4, 5, 6, 6, 8. கூட்டுத்தொகை 40, சராசரி 4, இடைநிலை 3.5. ஆனால் உள் அணிக்கு 16 இடங்கள். ஜாவாவில் புதிதாகப் பிறக்கும் எண் அணியின் ஒவ்வோர் இடத்திலும் 0.0 இருக்கும். எனக்குக் கிடைத்த சராசரி 2.5, இடைநிலை 2, சிறுமம் 0. கூட்டுத்தொகை மட்டும் 40 என்றே வந்தது. சுழியத்தைக் கூட்டினால் என்ன மாறும்? நான் சரிபார்த்தது கூட்டுத்தொகையைத்தான். தவறான சராசரி மூன்று வாரம் என் அறிக்கையில் இருந்தது. அதைக் கண்டபோது தாத்தாவின் நோட்டை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் நான் வைத்துக்கொண்ட விதி இது. தரவைக் கேட்பவருக்கு நீளத்துக்குச் சரியான படியைக் கொடுங்கள். படியெடுக்க நேரமாகிறது என்பவருக்கு உள் அணியைக் கொடுக்காதீர்கள். அவருடைய செயற்கூற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ‘கணக்கிடு’ என்று ஒரு செயற்கூறு வையுங்கள். சராசரியோ மாறுபாடோ எதுவானாலும் அது உள்ளே வரட்டும். அணி, தொடக்கச் சுட்டெண், நீளம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அதன் கையில் கொடுங்கள். அப்போது காலி இடங்களை யாரும் தற்செயலாக மிதிக்க மாட்டார்கள். இடைநிலைக்கு வரிசைப்படுத்த வேண்டியிருந்தால் படியை வரிசைப்படுத்துங்கள். உள்ளே இருப்பதன் வரிசை காலத்தின் வரிசை, அது குலையக் கூடாது.

இன்னொரு பொறி, நீளத்தை மாற்றும் செயற்கூறு. 10 ஆக இருந்த நீளத்தை ஒருவர் 14 ஆக்குகிறார். புதிய நான்கு இடங்களில் என்ன இருக்க வேண்டும்? ஆர் மொழி ‘தரவு இல்லை’ என்ற குறியை வைக்கிறது. நம்பை அணியின் சொந்தச் செயற்கூறு சுழியத்தால் நிரப்புகிறது. அதே பெயரில் நம்பையில் அணிக்கு வெளியே இருக்கும் செயற்கூறு, முதலிலிருந்து அதே எண்களைத் திரும்ப அடுக்குகிறது. ஒரே பெயர், இரண்டு நடத்தை. பழகாதவர் கட்டாயம் விழுவார். என் கருத்தில் புள்ளியியலுக்கு ஆர் செய்வதே நேர்மை. எண் அல்ல என்று பொருள்படும் மதிப்பை வையுங்கள், அல்லது எதை நிரப்புவது என்று அழைப்பவரையே சொல்லச் சொல்லுங்கள். அழிக்கும் செயற்கூறும் இதோடு சேர்ந்தது. பலர் நீளத்தை 0 ஆக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பழைய எண்கள் உள்ளேயே கிடக்கும். பிறகு நீளத்தைக் கூட்டினால், நேற்றைய மழை இன்றைய மழையாக எழுந்து வரும்.

கடைசி 24 மணி நேர மழை வேண்டும் என்பதுதான் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக 144 அளவீடுகள் கொண்ட நகரும் சாளரம்: புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்குத் திரும்பி எழுதும், வட்டமாகச் சுற்றும் அணியைப் பலரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் அதில் தரவு இரண்டு துண்டாகிவிடும். அணி, தொடக்கம், நீளம் என்று எதிர்பார்க்கும் கணக்கிடு செயற்கூறு அங்கே உதவாது. நான் செய்வது இது: 288 இடங்கள் பிடிக்கிறேன். புதியதை வலப்பக்கம் சேர்த்து, தொடக்கச் சுட்டெண்ணை ஓரடி முன்னே நகர்த்துகிறேன். வலது ஓரம் வந்ததும் சாளரத்தை அப்படியே இடது ஓரத்துக்குப் படியெடுக்கிறேன். அந்தச் செலவு 144 அளவீடுகளுக்கு ஒருமுறைதான். தரவு எப்போதும் ஒரே துண்டாக இருக்கிறது.

வெளியேறும் எண்ணை இந்தச் செயற்கூறு திருப்பித் தரட்டும். ஓடும் கூட்டுத்தொகையில் புதியதைக் கூட்டி அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தசம எண்களைத் தோராயமாகவே வைத்திருக்கும் கணினியின் மிதவைப் புள்ளி எண்ணில் 0.2, 0.4 இரண்டையும் கூட்டிவிட்டு, அதே வரிசையில் இரண்டையும் கழித்தால் சுழியம் வருவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் 16 சுழியங்கள் கடந்து ஒரு 5 நிற்கும். மாதக்கணக்கில் ஓடினால் இந்தத் துகள்கள் சேரும். மழையே இல்லாத நாளில் எதிர்மறை மழைகூடத் தோன்றும். அதனால் சாளரத்தை இடது ஓரத்துக்குப் படியெடுக்கும் அதே சமயத்தில் கூட்டுத்தொகையைப் புதிதாகக் கணக்கிட்டுவிடுங்கள். எப்படியும் எல்லா எண்களையும் தொடுகிறீர்கள், தனிச் செலவு இல்லை. மழைக்கு இதைவிட நல்ல வழியும் உண்டு: மில்லிமீட்டரை விட்டுவிட்டு, வாளி கவிழ்ந்த எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் 0.2 ஆல் பெருக்குங்கள்.

நீக்கும்போது சுருங்க வேண்டுமா? வேண்டும், ஆனால் பொறுமையாக. இரு மடங்காக வளரும் அணி, கொள்ளளவு நீளத்தின் இரு மடங்கானதுமே சுருங்கவும் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 16 இடங்களும் நிறைந்திருக்கின்றன. ஒன்று சேர்த்தால் 32 ஆகிறது. ஒன்று நீக்கினால் மறுபடி 16. சேர்ப்பதும் நீக்குவதும் மாறி மாறி வந்தால் ஒவ்வொரு முறையும் முழு அணியும் படியெடுக்கப்படும். அப்பாச்சி காமன்ஸ் மேத் என்ற ஜாவா நிரலகத்தின் 3ஆம் பதிப்பில் வளரும் அணிக்கு இயல்பு மதிப்பாக வளர்ச்சி 2, சுருக்கத்தின் வரம்பு 2.5 என்று வைத்திருக்கிறார்கள்; கொள்ளளவு நீளத்தின் 2.5 மடங்கைத் தாண்டினால்தான் சுருங்கும், நல்ல இடைவெளி. 32 இடங்கள் கொண்ட அணி 13 உறுப்புகள் வரை அசையாது, 12க்கு இறங்கினால்தான் சுருங்கும். சுருக்கும்போதும் நீளத்துக்குச் சரியாக வெட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பயனர் கேட்டு வாங்கிய தொடக்கக் கொள்ளளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

சமமா என்று பார்க்கும் செயற்கூறு நீளத்தையும் உறுப்புகளையும் ஒப்பிடட்டும், கொள்ளளவைத் தொட வேண்டாம். கொள்ளளவைக் குறியுள்ள 32 பிட் முழு எண்ணில் வைத்திருந்தால், 1,07,37,41,824 ஐ இரட்டிக்கும்போது எதிர்மறை எண் வரும். வளரும் முன் அதைப் பாருங்கள்.

சோதனைகளை 15, 16, 17 உறுப்புகளில் எழுதுங்கள். பிழைகள் எல்லை ஓரத்தில்தான் குடியிருக்கும். கூடவே இதையும் செய்யுங்கள்: சோதனையின்போது மிச்ச இடங்கள் அனைத்தையும் −9999 கொண்டு நிரப்புங்கள். வானிலைத் தரவில் ‘அளவீடு இல்லை’ என்பதற்குப் பலரும் இடும் குறி அது. எண் அல்லாத மதிப்பை வைத்து இன்னொரு சுற்றும் ஓட்டுங்கள். சில மொழிகளில் சிறுமம் தேடும் ஒப்பீடு அந்த மதிப்பை ஓசையின்றித் தாண்டிவிடும் என்பதால் ஒரு சுற்று மட்டும் போதாது. மேலே சொன்ன பத்து அளவீடுகளை வைத்து, ஆறு காலி இடங்களும் கணக்கில் கசிந்தால், இப்போது கூட்டுத்தொகை 40 என்று வராது. −59,954 என்று வந்து நிற்கும்.