செவ்வாயில் தெரியும் வெள்ளைத் திட்டு: தண்ணீர்ப் பனிதானா?

படத்தில் வெள்ளையாக எதையாவது பார்த்ததும் பனி என்று குறித்துவிடாதீர்கள். செவ்வாயில் கரியமில வாயுவும் உறைந்து வெள்ளையாகப் படியும். உப்பும் வெள்ளை, மேகமும் வெள்ளை. கண்ணால் பிரித்தறிய முடியாது, அகச்சிவப்பு நிறமாலை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்ற வரைவு) வேண்டும். செவ்வாயைச் சுற்றும் நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தில் இருந்த கிரிசம் என்ற நிறமாலைக் கருவி எடுத்த பதிவுகள், நாசாவின் கோள் தரவுக் காப்பகமான பிடிஎஸ்ஸில் இலவசம்.

திட்டின் நடுவில் 5×5 பிக்சல் எடுத்துச் சராசரி காணுங்கள். படத்தின் அதே பத்திகளில் (மேலிருந்து கீழாக ஓடும் பிக்சல் வரிசைகளில்), வெறும் புழுதி மூடிய இடத்தின் சராசரியால் அதை வகுங்கள். உணரியின் ஒவ்வொரு பத்திக்கும் தனிக் கோளாறு உண்டு. பத்தி மாறினால் அந்தக் கோளாறும் விடையில் ஏறிவிடும். வரைபடத்தில் பொருத்திய கோப்பில் பத்திகள் கலைந்திருக்கும், ஆகவே பொருத்தாத கோப்பிலேயே வகுங்கள்.

இப்போது 1.5 மைக்ரான் அலைநீளத்தில் அகலமான பள்ளம் (ஒளி உறிஞ்சப்பட்டதால் வரைவில் விழும் இறக்கம்) விழுகிறதா? அது தண்ணீர்ப் பனியின் அடையாளம். பள்ளத்தின் இரு கரைகளையும் கோடு போட்டு இணையுங்கள். கோட்டின் உயரம் 1.20, பள்ளத்தின் அடி 0.84 என்றால் ஆழம் 1 − 0.84/1.20 = 0.30. ஆழம் கூடினால் பனியும் கூடுதல் என்று முடிவு கட்ட வேண்டாம். பனித் துகள் பெரிதானாலும் பள்ளம் ஆழமாகும்.

பலர் சறுக்குவது 2.0 மைக்ரானில். காற்றிலுள்ள கரியமில வாயுவே அங்கே ஒளியை உறிஞ்சுகிறது, அதை மட்டும் நம்பக் கூடாது. கரியமிலப் பனி (உறைந்த கரியமில வாயு) 1.43, 2.28 மைக்ரானில் ஒடுங்கிய கீறல் போடும். நீரேறிய உப்பின் பள்ளம் 1.9 பக்கம். அங்கும் எச்சரிக்கை: கிரிசம் தரவைச் செப்பனிடும் முறையே 1.9, 2.1 மைக்ரானில் பொய்ப் பள்ளம் உண்டாக்கக்கூடும் என்று 2018இல் தெரியவந்தது. ஒற்றைப் பிக்சலில் தெரிவதைத் தள்ளிவிடுங்கள்.

தரை வெப்பநிலையையும் பாருங்கள். சுமார் −125 டிகிரி செல்சியசுக்கு மேல் கரியமிலப் பனி நிலைக்காது. மேகச் சந்தேகத்துக்கு வேறொரு நாளின் படம் போதும்.

தரையிறங்கிய கலம் இருந்தால் வேலை எளிது. 2008இல் நாசாவின் ஃபீனிக்ஸ் தரையிறங்கு கலம் தோண்டிய குழியில் தாயக்கட்டை அளவு வெள்ளைக் கட்டிகள் நான்கு நாளில் காணாமல் போயின. உப்பு அப்படி ஆவியாகி மறையாது.

புதைந்த பனிக்கு, அதே ஆர்பிட்டரில் உள்ள ஷராட் என்ற நிலத்தடி ரேடார். மேல்தள எதிரொலிக்கு 1 மைக்ரோவினாடி பிந்தி இன்னொன்று வந்தால், வெற்றிடத்தில் அது 150 மீட்டர். பனியின் மின்காப்பு எண் (அலையின் வேகத்தை அது எவ்வளவு குறைக்கும் என்பதைச் சொல்வது) சுமார் 3.15, அதன் வர்க்கமூலம் 1.77ஆல் வகுத்தால் ஆழம் ஏறக்குறைய 85 மீட்டர். பக்கத்து மலைச்சரிவின் எதிரொலியும் இதே போலப் பிந்தி வரும். நிலவுயர வரைபடத்தை வைத்து அதைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் ரேடார் படத்தில் எதிரொலிக் கோடு மிஞ்சினால்தான் அடியில் ஏதோ அடுக்கு இருக்கிறது.