சேலத்து வெள்ளைக் கல்: எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்து "இது என்ன?" என்று நீட்டினால், "எங்கே கிடந்தது?" என்றுதான் முதலில் கேட்பேன். சேலம் பக்கம் வெள்ளையாகக் கிடப்பது வெங்கச்சங்கல்லாக (குவார்ட்ஸ்) இருக்கலாம், மெக்னீசியம் கனிமமான மேக்னசைட்டாக இருக்கலாம், கிரானைட்டில் காணும் ஃபெல்ட்ஸ்பார் கனிமமாகவோ சுண்ணாம்பு வகையான சுக்காங்கல்லாகவோகூட இருக்கலாம். நிறத்தை நம்பினால் நான்கும் ஒன்றுதான். ஏற்காடு மலையடிவாரத்துச் சுரங்கப் பகுதியில், டுனைட் என்னும் கரும்பச்சைப் பாறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெள்ளை நரம்பு என்றால் மேக்னசைட் என்று சந்தேகப்படலாம். ஓடையில் உருண்டு கிடந்தது என்றால் அவசரப்பட வேண்டாம். அது எங்கிருந்தும் வந்திருக்கும்.

அடுத்து, கல்லைச் சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுத்தியலால் ஒரு தட்டு. வெயிலும் மழையும் பட்ட மேல்தோலில் எந்தச் சோதனை செய்தாலும் வீண். புதிதாக உடைந்த முகம்தான் வேண்டும்.

அந்த முகத்தில் பேனாக்கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். 1812இல் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரை போகும் கடினத்தன்மை வரிசையில் சாதாரணக் கத்தி ஏறக்குறைய 5.5. மேக்னசைட் 4 வாக்கில் இருப்பதால் கீறல் விழும். ஃபெல்ட்ஸ்பார் 6, வெங்கச்சங்கல் 7, இரண்டிலும் விழாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெங்கச்சங்கல்லில் கத்தி இழுத்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். அது கல்லில் விழுந்த கீறல் இல்லை, கத்தி தேய்ந்து ஒட்டிய இரும்பு. ஈர விரலால் துடைத்துவிட்டு, கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால்தான் கீறல். நகத்தாலேயே கீற முடிந்து, தொட்டால் வழுவழுவென்று இருந்தால் அது கல்சட்டி செய்கிற மாக்கல் வகை.

கத்திக்கு அசையாத இரண்டையும் பிரிப்பது சுலபம். வெயிலில் கல்லை மெதுவாகத் திருப்புங்கள். ஃபெல்ட்ஸ்பார் என்றால் தட்டையான முகங்கள் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி அணையும். வெங்கச்சங்கல் உடைந்த கண்ணாடி போல வளைவு வளைவாக இருக்கும், தட்டை முகமே கிடைக்காது.

கீறல் விழுந்த கல்லை அப்புறம் கொஞ்சம் பொடித்து, சமையலுக்கு வாங்கும் வினிகரை நாலு சொட்டு விடுங்கள். சுக்காங்கல்லும், சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டும் நுரைக்கும். மேக்னசைட் ஆறிய வினிகருக்கு மசியாது. அதற்குச் சூடான அமிலம் வேண்டும். வீட்டில் அந்த வேலை வேண்டாம், தராசு போதும்.

தராசுச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் சரி. கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 132 கிராம் கல் தண்ணீரில் 50 காட்டினால் 2.64, அதாவது வெங்கச்சங்கல். 44 காட்டினால் 3.0, மேக்னசைட். நூறு கிராமுக்குக் குறைந்த கல்லில் ஒரு கிராம் பிசகினாலும் விடை தடுமாறும். கல்லில் ஓட்டை, வெடிப்பு இருந்தாலும் கணக்கு இறங்கிவிடும்.

செல்போன் படத்தைப் பார்த்துக் கல்லின் பெயர் சொல்லும் ஆப்களை நான் நம்புவதில்லை. அவற்றிடம் கத்தியும் கிடையாது, தராசும் கிடையாது.

சேலத்தை அடுத்த கஞ்சமலைப் பக்கம் கிடைக்கும் கறுத்த, கனத்த கல்லை "விண்கல்" என்று கொண்டுவருபவர்களும் உண்டு. காந்தம் ஒட்டியதும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மலையிலேயே மேக்னடைட் என்னும் இரும்புத் தாது இருக்கிறது, ஒட்டாமல் என்ன செய்யும்? பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையத்தில் கல்லை உரசுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், செம்பழுப்பு என்றால் இன்னொரு இரும்புத் தாதான ஹேமடைட். உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை தெரிந்தால் பெரும்பாலும் அது இரும்பு உருக்கியபோது கழிந்த கிட்டம்.

இத்தனைக்கும் பிடிபடாத கல்லை, ஜியாலஜி துறை உள்ள கல்லூரிக்குக் கொண்டு போங்கள். கிடைத்த இடம், தேதி, பாறையிலிருந்து உடைத்ததா, தரையில் கிடந்ததா என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், உடைந்த துண்டுகளையும் எறிந்துவிட வேண்டாம்.