குமரியில் ப்ளூஸ் வாசிக்க ஒரு ட்யூப் ஆம்ப்: தேர்ந்தெடுக்கும் முறை

ப்ளூஸ் கிட்டாருக்கென்று பழைய பாணி ட்யூப் ஆம்ப் (வெற்றிட வால்வுகளில் ஓடும் ஒலிபெருக்கி) வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்தக் கலைஞர் எதில் வாசித்தார் என்று தேடி, அதே மாதிரிக்கு விலை விசாரிக்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நாம் வாசிக்கப்போகும் அறையும் ஆம்பின் வாட் அளவும்தான் என்பது என் கருத்து. மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டியதுபோல் சற்றே கரகரத்தும் வருகிற அந்த ஒலி, ட்யூப்கள், அதாவது வால்வுகள், தம் திறனின் விளிம்பைத் தொடும்போதுதான் பிறக்கிறது. அந்த விளிம்பு வரை வால்யூமைத் திருப்ப முடியாத வீட்டில் எவ்வளவு புகழ்பெற்ற ஆம்பை வைத்தாலும், அதன் சுத்தமான ஒலியை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

வாட் அளவைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். 30 வாட் ஆம்ப் 15 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம் தராது. வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட் அளவு பத்து மடங்காக வேண்டும். ஆகவே 5 வாட் ஆம்ப் என்பது விளையாட்டுப் பொருளன்று. ஒரே ஒரு 6வி6 வால்வை வெளியீட்டில் வைத்துச் செய்த ஃபெண்டர் சாம்ப் போன்ற ஆம்பை முழு வால்யூமில் வைத்தால், குளச்சலிலோ முட்டத்திலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவது உறுதி. அத்தகைய இடத்தில் 5 வாட்டுக்கு மேல் போகத் தேவையில்லை. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடாக இருந்தால் 12 முதல் 22 வாட் வரை தாராளமாகப் போகலாம். 40 வாட்டுக்கு மேற்பட்டவை, திறந்த மேடையில் டிரம்ஸ் கலைஞரோடு அடிக்கடி வாசிக்கிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவர்களும் பங்குத் திருவிழா மேடைகளில் வாசிக்கிறவர்களும் நம் மாவட்டத்தில் ஏராளம். மேடை பெரிதாயிற்றே, பெரிய ஆம்ப் வேண்டாமா என்று அவர்கள் கேட்கக்கூடும். அங்கே கூட்டத்துக்கு ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மைக் செட்காரருடைய வேலை; ஆம்பின் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக்கை வைத்து மிக்சருக்கு அனுப்பிவிட்டால் 15 வாட் போதும். எடையையும் மறந்துவிடக் கூடாது. ஃபெண்டர் ஆம்புகளையே எடுத்துக்கொண்டால், 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஏறத்தாழ 29 கிலோ. 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் சுமார் 19 கிலோ. 15 வாட் ப்ளூஸ் ஜூனியர் சுமார் 14 கிலோ. ஸ்கூட்டரிலும் பேருந்திலும் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இந்த எண்களே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அளவு முடிவான பிறகு ஒலியின் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய பாணி என்று விற்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்று மரபுகளில் அடங்கிவிடும். முதலாவது, 1950களில் கலிபோர்னியாவில் ஃபெண்டர் செய்த, ட்வீட் துணி போர்த்திய ஆம்புகளின் மரபு. இரண்டு 6வி6 வால்வுகள் கொண்ட ட்வீட் டீலக்ஸ் நடு ஒலிகள் தடித்து, வால்யூமைப் பாதி திருப்புவதற்குள்ளேயே ஒலி உடைய, அதாவது கரகரக்க, தொடங்கிவிடும். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பாஸ்மேன், பாஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டும், பட்டி கை (Buddy Guy) போன்ற ப்ளூஸ் கலைஞர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, அதே நிறுவனம் 1963 முதல் செய்த கறுப்பு முகப்பு ஆம்புகள். இவற்றில் நடு ஒலி சற்றுக் குழிந்து, மேல் ஒலி மின்னும். பலவற்றில் ஸ்பிரிங் ரிவெர்பும் (எதிரொலி போன்ற சாயல்) ட்ரெமலோவும் (ஒலியளவு அலைபோல் ஏறி இறங்குவது) கூடவே வரும். மூன்றாவது இங்கிலாந்து மரபு: மேற்சொன்ன பாஸ்மேனின் மின்சுற்றை அடிப்படையாகக் கொண்டு 1960களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான மார்ஷல் ஜேடிஎம்45 ஒரு கிளை, இஎல்84 வால்வுகளை வைத்து வாக்ஸ் செய்த ஏசி15, ஏசி30 இன்னொரு கிளை.

ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் உறுப்பு) உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் வைத்திருப்பவருக்குக் கறுப்பு முகப்பு மரபு எளிதில் ஒத்துப்போகும். இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் வைத்திருப்பவருக்கு அதில் அடி ஒலி குழம்புவதாகத் தோன்றினால் ட்வீட்டையோ மார்ஷலையோ கேட்டுப் பார்க்கலாம். ஒரே ஓர் ஆம்ப்தான் வாங்க முடியும், வீட்டிலும் ஆலயத்திலும் அதுவே வேண்டும் என்றால், என் பரிந்துரை கறுப்பு முகப்பு மரபைச் சேர்ந்த 12 வாட் பிரின்ஸ்டன் ரிவெர்ப் வகைதான். இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும்: ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பல ஆண்டுகள் மேடையில் பயன்படுத்திய லேப் சீரிஸ் எல்5 ட்ரான்சிஸ்டர் ஆம்ப்தான், ட்யூப் ஆம்ப் அன்று.

விற்பவர்கள் விளம்பரத்தில் எழுதாத இரண்டு உறுப்புகள் கைக்குத் தெரியும் உணர்வை மாற்றிவிடுகின்றன. ஒன்று ரெக்டிபையர், அதாவது மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் உறுப்பு. இந்த வேலைக்கு 5ஒய்3 போன்ற வால்வை வைத்தால், ஓங்கி மீட்டும் கணத்தில் உள்ளே மின்னழுத்தம் சற்று இறங்கி, ஸ்வரம் அமுங்கிப் பின் மெல்ல எழும்பி நிற்கும். நீட்டி வளைக்கும் ஸ்வரங்களுக்கு அது பாட்டுக்காரரின் மூச்சைப்போல் உதவும். டயோடு வைத்தால் ஒலி விறைப்பாக, உடனுக்குடன் வரும். இன்னொன்று ஸ்பீக்கர். ஒரே ஆம்பில் 3 டெசிபல் உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரை மாட்டினால் வாட் அளவைப் பாதியாக்கியதற்குச் சமமாகிவிடும் என்பதால், சத்தம் அதிகம் என்று ஆம்பையே விற்கத் துணிகிறவர்கள் முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பது மலிவு. மாற்றும்போது ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்மறுப்பு) ஆம்புக்குப் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஒருபோதும் ஓடவிடக் கூடாது, வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் ட்யூப் ஆம்புகள் பழுதாவதற்கு அதுவே முதற்காரணமாகக்கூடும். உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்சுக்குச் செய்யப்பட்டது. ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்சை மாற்றாது. 60 ஹெர்ட்சுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்சில் கூடுதலாகச் சூடாகும். எனவே பின்பக்கத் தகட்டில் 50 ஹெர்ட்சும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். வளைகுடாவிலிருந்து வருபவற்றிலும் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகக் கூடாது. ஸ்டெப்டவுன் வாங்குவதானால், தகட்டில் குறித்துள்ள மின்நுகர்வு வாட் அளவைப்போல் (ஒலி வெளியீட்டு வாட் அன்று) இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாகவும், எர்த் கம்பி உள்ளிருந்து வெளிவரை அறுபடாமல் செல்வதாகவும் இருக்க வேண்டும்.

எர்த் இல்லாத பழைய வீட்டு இணைப்பில் வாசித்தால் இரைச்சல் மட்டுமன்றி ஆபத்தும் உண்டு. கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாய் வைக்கும்போது உதட்டில் ஷாக் அடித்தால், அந்த மேடையில் அதற்கு மேல் வாசிக்கக் கூடாது. சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் ஆம்ப் ரீங்கரிக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரும் சூடேறும்; கரண்ட் போனால் அணைத்துவிடுவதே நல்லது. திருவிழா ஜெனரேட்டரில் இணைக்குமுன் மைக் செட்காரரிடம் மீட்டர் வாங்கி வோல்ட் அளந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதித்துப் பார்க்க நாகர்கோவிலில் தோதுப்படாவிட்டால் திருவனந்தபுரம் வரை போக நேரலாம். எங்கே போனாலும் சொந்தக் கிட்டாரையும் சொந்த கேபிளையும் கொண்டுபோக வேண்டும். டோன் குமிழ்களை நடுவில் வைத்து, வால்யூமை மெல்ல ஏற்றிக்கொண்டே ஒரே இசைத்தொடரை மென்மையாகவும் வன்மையாகவும் மீட்டி, எந்த இடத்தில் ஒலி உடைகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆம்பைத் தொடாமல் கிட்டாரின் வால்யூமை மட்டும் குறைக்க வேண்டும். ஒலி மந்தமாகாமல் தெளிந்தால் அது ப்ளூஸுக்கு ஏற்ற ஆம்ப். இந்த ஒரு சோதனையில் தேறாததை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்க வேண்டாம் என்பேன். ஏற்றிய நிலையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டால், சூடான பிறகு மட்டும் வெளிப்படும் குறைகளும் தெரிந்துவிடும்.

பழையதை வாங்குகிறவர் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். வால்வின் கண்ணாடி உச்சியில் வெள்ளிப் பூச்சு வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். உள்ளிருக்கும் உலோகத் தகடு சிவந்து கனன்றால் உடனே அணைக்க வேண்டும்; கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி படர்வது இயல்பானதே. சிறிய வால்வுகளை பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால் அந்த வால்வை மாற்ற வேண்டும். கிட்டாரை இணைக்காத நிலையிலும் கனத்த இரைச்சல் நின்றால் பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் உறுப்புகள்) சந்தேகிக்கலாம். அவற்றைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் நமக்கு வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், அது உயிரைப் பறிக்கப் போதுமானது. வால்வு ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் தெரிந்தவராக இருந்தால், வாங்கும் முன்பே அவரைக் கூட்டிப்போவது நல்லது.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வால்வு சாக்கெட்டுகளையும் ஜாக்குகளையும் அரிக்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஆம்பை ஓட்டினால் அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். பின்புறம் திறந்த பெட்டிகளுக்குள் பல்லி புகுந்து சுற்றில் கருகிப்போவதும் நடக்கக்கூடியதே, ஆகவே அணைத்து ஆறிய பிறகு துணி உறை போட வேண்டும். ஐப்பசி மாதத்து இடிமழை மாலைகளில் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

விலை பேசும்போது வால்வு செலவை மறக்க வேண்டாம். 12ஏஎக்ஸ்7, 6வி6, 6எல்6, இஎல்84 ஆகியவை இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் உற்பத்தியாகின்றன. இவற்றில் ஓடும் ஆம்பை வாங்கினால் மாற்று வால்வு கிடைக்கும், அரிய வால்வில் ஓடுவதை வாங்கினால் அதற்காக அலைய நேரும். பழைய ஆம்பில் வால்வுகள் எப்போது மாற்றப்பட்டன என்று உரிமையாளருக்கே தெரியாவிட்டால், ஒரு முழு செட் வால்வு, ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், மெக்கானிக் கூலி ஆகியவற்றைக் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.