மாரி தொடங்கியதும் மட்டக்களப்பு வாவியில் தூண்டில்காரர் விடும் பிழைகள்

கோடையில் கொடுவா மீன் அகப்பட்ட அதே இடத்தில், அதே நேரத்துக்கு, ஐப்பசி மழை நாலு நாள் அடித்த பிறகும் போய்க் குந்தியிருப்பார்கள். கேட்டால் கைபேசியைக் காட்டி, ஐந்து மணிக்குக் கடல் பெருக்கு என்பார்கள். எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள்தான். பாலமீன்மடுவில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால் அதுவும் உள்ளே வராது, திறந்திருந்தாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியில் உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். மாரியில் தண்ணீர் மட்டத்தை வைத்திருப்பது மழையும் மேலேயுள்ள குளங்களும். ஆகவே விசாரிக்க வேண்டியது இரண்டே விஷயம்: உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறந்தாயிற்றா, முகத்துவாரம் வெட்டியாயிற்றா.

கலங்கல் தண்ணீரைக் கண்டதும் மீன் இல்லை என்று திரும்புவதும் அவசரம்தான். நன்னீர் பாரம் குறைவு, அது மேலே படரும். உப்புத்தண்ணீர் ஆழமான இடங்களில் அடியில் தங்கிவிடும், உப்புக்குப் பழகிய மீனும் அதோடு கீழே போகும். இரையை மிதவையில் தொங்கவிட்டுக்கொண்டு மேலே காத்திருந்தால் என்ன வரும்? ஈயத்தைக் கூட்டி அடிக்கு இறக்கிப் பாருங்கள். பெருவெள்ளம் என்றால் சரி, அந்த உப்பும் அடித்துக்கொண்டு போய்விடும், அப்போது முகத்துவாரத்துப் பக்கம் போவதுதான் வழி.

முகத்துவாரம் வெட்டினால் ஊரே அங்கே நிற்கும். காரணம் இருக்கிறது, தண்ணீரோடு இறால் கடலுக்கு இறங்கும், அதைத் தின்னப் பெரிய மீன் வந்து நிற்கும். ஆனால் முக்கால்வாசிப் பேர் எறிவது ஓட்டத்தின் நடுவில். கொடுவா அந்த இழுவையில் வீணாக நீந்திக்கொண்டிருக்காது. ஓடும் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் உரசுகிற விளிம்பில் நின்று, வருவதை விழுங்கும். எறிய வேண்டியது அங்கே. இன்னொன்று, வெட்டிய மண்திட்டின் நுனியில் தயவுசெய்து நிற்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும், சரிந்தால் ஒரேயடியாகச் சரியும். எனக்கு நீச்சல் தெரியும் என்ற கதை அந்த ஓட்டத்தில் எடுபடாது.

மெல்லிய தங்கூசியில், அதாவது நைலான் நரம்பில், நேரே தூண்டிலை முடிந்துவிட்டு, மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று புலம்புகிறவர்களும் உண்டு. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. நுனியில் ஒரு முழமாவது தடித்த தங்கூசி வையுங்கள், வேலை முடிந்தது.

கண்டல் மரங்களின் ஓரம் தூண்டில் சிக்கினால் கண்ட கிளையையும் முறிக்கக் கூடாது. அதற்குள் தில்லை மரமும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பிடித்த மீனை இடுப்பில் கட்டித் தொங்கவிடுவது அதைவிட மோசம். வாவியில் முதலை இருக்கிறது, வெள்ளம் வந்தால் அது நீங்கள் எதிர்பார்க்காத கரையிலும் ஒதுங்கும்.

அப்புறம் இடி. ஐப்பசியில் காலை வெயில் கொளுத்தினாலும் பின்னேரம் மின்னல் வரும். வெட்டவெளித் தண்ணீரில் தோணிதான் உயரம், அதில் கார்பன் தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் அதைவிட உயரம், கார்பனோ மின்சாரம் கடத்தும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கறுத்து முதல் முழக்கம் கேட்டதும் தடியைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வலியுங்கள், மீன் கொத்திக்கொண்டிருந்தாலும்.