காப்பீட்டுக் கிளெய்ம் தணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தணிக்கைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். நான் அன்று செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பெயர்ப் பிழை, ஒரே கிளெய்ம் (சிகிச்சைக்கான பணத்தைக் கேட்டு மருத்துவமனை அனுப்பும் கோரிக்கை) இருமுறை வருவது இதெல்லாம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும்; விடுங்கள்.

கோப்பு சரி என்றால் எல்லாம் சரி என்று நம்புவது

தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்த ஒரு பெரியவரின் கோப்பு. முன் அனுமதி, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பிளேட்டின் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. ‘பணம் எதுவும் வாங்கவில்லை’ என்ற படிவத்தில் கைநாட்டு. ஐந்தே நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தேன்.

அப்புறம் விசாரிப்புக்காக வீட்டுக்குப் போனேன். அவர் மகளின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. “நல்ல பிளேட்டுக்குத் தனியாக் கட்டணும்னாங்க சார். அடகு வச்சிட்டோம்.” ரசீது என்று காட்டியது, தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு. அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் தரும் மொத்தத் தொகையான பேக்கேஜிலேயே பிளேட்டும் அடக்கம். அரசும் கொடுத்தது, குடும்பமும் கொடுத்தது.

கோப்பை மறுபடி திறந்தேன். வீடு திரும்பும் நாளில் வாங்க வேண்டிய அந்தப் படிவத்தில், சேர்ந்த நாளின் தேதி! அட்மிஷன் தாள்களோடு சேர்த்தே கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். தேதி என் கண் முன்னால்தான் இருந்தது. பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்க நான்கு மாதம் ஆனது. அடகு வட்டியை யாரும் தரவில்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருவதே அவர்களை அடகுக் கடைக்கு அனுப்பாமல் இருக்கத்தானே? அதனால் முதலில் போனை எடுங்கள். “திருப்தியா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்றுதான் பதில் வரும். “கையிலிருந்து எவ்வளவு போச்சு? மருந்து வெளியே வாங்கினீங்களா? ஸ்கேன் எங்கே எடுத்தீங்க?” என்று கேளுங்கள். கோப்பில் உள்ள எண் சில சமயம் மருத்துவமனை ஊழியருடையதாக இருக்கும். அப்படியென்றால் நேரில் போங்கள்.

வெட்டிய தொகையைச் சேமிப்பு என்று கணக்குக் காட்டுவது

மருத்துவமனை கேட்ட தொகையில் காரணமில்லாமல் வெட்டினால் அது நோயாளி தலையில்தான் விடியும்.

மாதக் கடைசியில் மொத்தமாக ஒப்புதல்

வேண்டாம்.

ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாக மட்டும் பார்ப்பது

2012-ல் சத்தீஸ்கரில், ஏழைகளுக்கான மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தைக் காட்டிப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை அகற்றியதாகப் பெரிய புகார் கிளம்பியது. இப்படிப்பட்டது ஒரு கோப்பில் தெரியாது. ஒரே மருத்துவமனை, ஒரே அறுவைச் சிகிச்சை, வரிசையாக இளம் வயதுப் பெண்கள் என்று அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாதம் ஒருமுறையாவது வயதையும் சிகிச்சையையும் மருத்துவமனைவாரியாகப் பிரித்து எடுத்துப் பாருங்கள்.