ஈசாக்கைப் பலியிடப் போன கதையை வேதபாடத்தில் நடத்துவது எப்படி

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை நடத்தச் சொல்லி உங்களிடம் கொடுத்திருக்கிறார்களா? முதல் வேலையாகச் சபைப் போதகர் ஐயரிடம் பேசி இரண்டு வாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் ஈசாக்கைப் பலியிடு என்று தேவன் ஆபிரகாமைச் சோதிக்கிறார், கத்தியை எடுத்த நேரத்தில் தடுக்கிறார், மகனுக்குப் பதில் ஓர் ஆட்டுக்கடா பலியாகிறது. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 22-இல் இந்தக் கதை 19 வசனம்தான். சத்தமாக வாசித்தாலும் ஐந்து நிமிஷம் ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆட்டுக்கடா வந்துவிடும் என்று தெரிந்துகொண்டே எல்லோரும் வாசிப்பதால், நடுவில் நடப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விடையை மட்டும் எழுதிவிட்டு மேலே உள்ள வரிகளை விட்டுவிடும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. இந்தக் கதையிலும் அதே கண்டிப்புதான்.

முதல் வாரம் 10-ஆம் வசனம் வரைக்கும் போதும். ஆபிரகாம் கையை நீட்டிக் கத்தியை எடுக்கிறார். அங்கே வேதப்புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "அடுத்த வசனத்தையும் வாசிச்சிடலாமே டீச்சர்" என்று ஒருவராவது கெஞ்சுவார். விடாதீர்கள்.

வாசிக்கும்போது ஒரே ஒரு வேலை கொடுங்கள்: யார் எதைச் சுமக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுவதும் கட்டையைப் பிளப்பதும் ஆபிரகாமே என்கிறது வசனம். கூட இரண்டு வேலைக்காரர்கள் இருந்தும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மலை கண்ணில் பட்டதும் கழுதையும் வேலைக்காரர்களும் நின்றுவிடுகிறார்கள். அதன்பின் கட்டை மகன் மேல். நெருப்பும் கத்தியும் அப்பா கையில். ஏன் இப்படிப் பிரித்தார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பையனுக்குக் காயம் பட்டுவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று கூட்டத்தில் ஒரு அம்மா சொல்வார். சொன்ன பிறகு, தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரியும். அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பேச்சை எண்ணச் சொல்லுங்கள். ஆபிரகாம் குடியிருந்த பெயெர்செபாவிலிருந்து எருசலேம் சுமார் 80 கிலோமீட்டர். தேவன் போகச் சொன்ன மோரியா என்பது எருசலேமில் சாலொமோன் ஆலயம் கட்டிய மலை என்கிறது 2 நாளாகமம் 3:1. (சமாரியர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை, கெரிசீம் மலைதான் என்பார்கள். இந்தத் தகராறுக்குள் போனால் கூட்டம் முடிந்துவிடும்.) மூன்றாம் நாள்தான் அந்த இடம் தூரத்தில் தெரிகிறது. இத்தனை நேரத்தில் அப்பாவும் மகனும் பேசியதாக எழுதியிருப்பது ஒரே ஒரு உரையாடல். நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்கிறான் மகன். தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் அப்பா. இருவரும் கூடிப்போனார்கள் என்ற வரி இந்தக் கேள்விக்கு முன்னாலும் வருகிறது, பதிலுக்குப் பின்னாலும் வருகிறது. இரண்டு நடையும் ஒன்றுதானா என்று கேளுங்கள்.

முந்தின வாரமே 18, 21 இரண்டு அதிகாரங்களையும் வீட்டில் வாசித்துவரச் சொல்லிவிடுவது நல்லது. 18-இல் இதே ஆபிரகாம், தேவன் அழிக்கப்போகும் சோதோம் ஊரைக் காப்பாற்ற அவரிடம் பேரம் பேசுகிறார், இத்தனை நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று: 50 நீதிமான்கள், 45, 40, 30, 20, 10. வேறொரு ஊருக்காக ஆறு முறை வாதாடின மனிதர் சொந்த மகனுக்காக வாயே திறக்கவில்லை. 21-இல் மூத்தவன் இஸ்மவேலை ஏற்கெனவே அனுப்பியாயிற்று. அதுவும் ஒரு அதிகாலையில்தான், அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து. அங்கேயும் பிள்ளை சாகும் நேரத்தில் வானத்திலிருந்து சத்தம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஈசாக்கின் வயது பற்றிக் கட்டாயம் பேச்சு வரும். ஞாயிறு பள்ளிப் படங்களில் ஐந்தாம் வகுப்புப் பையன்போல இருப்பான். வேதம் வயதைச் சொல்லவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் 25 என்கிறார். ரபீக்கள் என்கிற யூத வேத ஆசிரியர்கள் போட்ட கணக்கு எனக்குப் பிடிக்கும்: சாராள் 90 வயதில் ஈசாக்கைப் பெற்றாள், அடுத்த அதிகாரத்தில் 127 வயதில் இறக்கிறாள், இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வருவதால் அப்போது ஈசாக்குக்கு 37. கணக்கை விடுங்கள், அதனால் கதைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 137 வயதுக் கிழவர் 37 வயது ஆளை அவன் சம்மதம் இல்லாமல் கட்டிப் போட முடியாது. அப்போது கீழ்ப்படிந்தது யார்? பெரேஷித் ரப்பா என்ற பழைய யூத விளக்க நூலில், கத்தியைக் கண்டு உடம்பு நடுங்கிவிடலாம், என்னை இறுக்கிக் கட்டுங்கள் அப்பா என்று ஈசாக்கே கேட்கிறான். தன் சிலுவையைத் தானே தோளில் சுமக்கிறவனைப் போலக் கட்டையைச் சுமந்தான் என்பதும் அதே நூலில் இருக்கிறது. யூத நூலிலா என்று நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரோமர்கள் ஆண்ட நாட்டில் அந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம் 11 முதல் 19 வரை. ஆட்டுக்கடா வந்ததும் கூட்டம் இளகிவிடும். அந்த நேரம் பார்த்து, பெரும்பாலும் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி கேட்பாள்: "ஆண்டவர் இப்படிக் கேட்பாரா அக்கா?" ஆண்டவர் சித்தம் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதீர்கள். கைவசம் இரண்டு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துத் தேசங்களில் பிள்ளையைப் பலியிடுவது நடந்தது. 2 இராஜாக்கள் 3-இல் மோவாபின் ராஜா போரில் தோற்கும் நிலையில் தன் மூத்த மகனை மதிலின்மேல் பலியிடுகிறான். இஸ்ரவேலுக்கோ மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் தலைப்பிள்ளையை மீட்டுக்கொள்ளச் சொல்கிறது. எரேமியா 7:31-இல், பிள்ளைகளை நெருப்பில் போடுவதை நான் கட்டளையிடவும் இல்லை, என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார் கர்த்தர். அடுத்தது, இது சோதனை என்று முதல் வசனமே நமக்குச் சொல்லிவிடுகிறது, ஆபிரகாமுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டும் அவள் கேள்வியைத் தீர்த்துவிடாது. தீராவிட்டால் பரவாயில்லை.

19-ஆம் வசனத்தைத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வருகிறார், எல்லோரும் பெயெர்செபாவுக்குப் போகிறார்கள். ஈசாக்கின் பெயரைக் காணோம். சாராளோ அதிகாரம் முழுவதிலும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் எப்ரோனில் இறந்துபோகிறாள். நடந்ததைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில் உயிர் போனது என்பது யூத மரபு. சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் பழைய பாட்டுகளில் அவளைப் பேசவே வைத்துவிட்டார்கள்; என் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கிறாள். ஆண்கள் அதிகம் இருக்கும் கூட்டமானால் இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

புதிய ஏற்பாட்டை இதற்குப் பிறகு எடுங்கள், முன்னால் வேண்டாம். வேலைக்காரர்களிடம் திரும்பி வருவோம் என்று ஆபிரகாம் எப்படிச் சொன்னார்? பொய்யா, நம்பிக்கையா? மரித்தோரிலிருந்து எழுப்ப தேவனால் முடியும் என்று எண்ணினார் என்பது எபிரெயர் 11:19 தரும் பதில். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று காட்ட யாக்கோபு நிருபம் இதே பலிபீடத்தைக் காட்டுகிறது. எபிரெயரை முதலில் வாசித்துவிட்டால் ஆபிரகாமின் மூன்று நாளும் சுலபமாகிவிடும்.

முடிந்தால் பெத் அல்பா படத்தைப் பிரிண்ட் எடுத்துப் போங்கள். இஸ்ரேலில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்து, 1929-இல் தோண்டியெடுத்த ஆறாம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் தரை அது. அதில் ஈசாக்கு சின்னப் பையன்தான், மேலேயிருந்து ஒரு கை நீள்கிறது, மரத்தில் கட்டிய ஆடு நட்டக்குத்தலாக நிற்கிறது. அந்தத் தரையைப் பதித்தவர்கள் மரியானோஸ், அவர் மகன் ஹனினா என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து இந்தக் காட்சியைக் கல் கல்லாக ஒட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். "உங்கள் ஈசாக்கு எது? அதை இன்றைக்கே ஆண்டவருக்குக் கொடுங்கள்" என்று முடிக்கும் பிரசங்கத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், சில இடங்களில் அடுத்த நிமிஷமே காணிக்கைப் பை வரும். அப்பா அம்மா பேச்சை மகள் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதையை எடுத்துக்காட்டும் பெற்றோரும் உண்டு. கடைசியில் வானத்திலிருந்து வந்த சத்தம் கையைப் போடாதே என்றுதான் சொன்னது.

அப்படி யாராவது ஆரம்பித்தால் நியாயாதிபதிகள் 11-ஐத் திறங்கள். போரில் ஜெயித்து வந்தால் வீட்டு வாசலில் எதிர்ப்படுவதைத் தகனபலியாகச் செலுத்துவேன் என்கிறான் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா. தேவன் கேட்கவே இல்லை, இவனாக நேர்ந்தது. எதிரே வந்தது ஒரே மகள், பெயர்கூட இல்லை. அவளுக்கு இரண்டு மாதம் கிடைத்தது, ஆட்டுக்கடா கிடைக்கவில்லை. பொருத்தனையிலிருந்து விடுவித்திருக்கலாம், ஆனால் பிரதான ஆசாரியன் பினெகாசிடம் நான் போவதா என்று யெப்தாவும், அவனிடம் நான் போவதா என்று பினெகாசும் வீம்பு பிடித்ததில் பெண் செத்தாள் என்று பெரேஷித் ரப்பா கடிந்துகொள்கிறது. பிறகு எபிரெயர் 11:32-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். விசுவாச வீரர்கள் பட்டியலில் யெப்தாவின் பெயர் இருக்கும். அது எப்படி என்று சண்டை ஆரம்பிக்கும். அதனால் டீயை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.